எல்லாப் பெட்டியிலும் டிக்

சூப்பர்வைசர் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஒரு பாடம் நடத்தப்படும். சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதன்மேல் உட்காரக் கூடாது, தேநீர் டம்ளர் வைக்கக் கூடாது, கால் நீட்டக் கூடாது. "அது ஸ்டூல் இல்லீங்க, சப்வூஃபர்" என்பார் சூப்பர்வைசர். வந்தவருக்கு சப்வூஃபர் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் பாடம் அதோடு முடியும். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னவர்கள், கிளம்புவதற்குள் ஒரு படத்தின் சண்டைக்காட்சியை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

அவர் சூப்பர்வைசராக இருந்தது ஒலித்துறையில் இல்லை. குளியலறைக் குழாய் செய்யும் கம்பெனியின் கிடங்கில். லாரி கிளம்புவதற்கு முன் ஒரு தாள் வரும். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் டிக் விழுந்தால்தான் லாரி நகரும். ஒன்று காலியாக இருந்தாலும் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தை அவர் செருப்போடு வாசலில் கழற்றிவைக்காமல் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார், அதுதான் தொந்தரவு.

கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சவுண்ட் கார்டும், ஐந்து ஸ்பீக்கரும், இந்தக் கறுப்புப் பெட்டியும் வாங்கி வந்த அன்று, கார்டை இயக்குவதற்கு உண்டான, டிரைவர் என்கிற மென்பொருளை இறக்கினார். திரையில் ஒரு பக்கம் திறந்தது. அது முழுக்கக் கட்டங்கள். அவருக்கு அலுவலகத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார்கள். அவர் படிக்கவில்லை. மேலிருந்து கீழே வரை டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"காசு கொடுத்து வாங்கினது. எதுக்குப் பெட்டியக் காலியா விடணும்?" என்றார், யாரும் கேட்காமலே.

அந்தக் கட்டங்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிவிக்குக் கீழே நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதற்கு சென்டர் என்று பெயர். மனிதர்கள் பேசுவது அதில் வர வேண்டும். தரையில் இருக்கும் சப்வூஃபரில் இடியும் வெடியும் மத்தள அடியும் வர வேண்டும். இரண்டுக்கும் கார்டில் ஒரே துளை, ஒரே ஒயர். சில கம்பெனிக்காரர்கள் அந்த ஒயரைத் தலைகீழாகப் போட்டுத் தொலைத்துவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக, டிரைவர் எழுதிய புண்ணியவான் ஒரு கட்டம் வைத்திருந்தார்: சென்டரையும் சப்வூஃபரையும் இடம் மாற்று. சூப்பர்வைசரின் ஒயர் நேராகத்தான் இருந்தது. அதனாலென்ன, அதிலும் டிக் விழுந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கதாநாயகன் தரையிலிருந்து பேசினான். கதாநாயகியும் தரையிலிருந்துதான் பேசினாள், அதுவும் அதே குரலில். படத்தில் இடி இடித்தால் மேலே உள்ளங்கை ஸ்பீக்கர் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் கரகரத்தது. சூப்பர்வைசருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அதிருதா?" என்று கேட்பார். அதிர்ந்தது, அதை மறுக்க முடியாது. யார் எதற்காக அழுகிறார்கள் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. மனைவி முகபாவத்தை வைத்துக் கதையை ஊகிக்கப் பழகிக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிற மகள் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்தாள்.

"அப்பா, இப்ப அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாருங்கறதா முக்கியம்? எப்படி வருதுன்னு கேளு."

மகள் அதன்பிறகு தன் போனில் இயர்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இந்தத் தலைமுறைக்கு ரசனை போதாது என்று சூப்பர்வைசர் கிடங்கில் எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்டார்.

அவர் மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, முறை வந்ததும் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் கூப்பிட்டால், கூப்பிடப்படாதவர்கள்கூடக் கொஞ்சம் ஆறுதலாக உட்கார்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து காத்திருந்து சண்டைக்குத் தயாராக எழுந்து வந்தவர்கள், அவள் "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க" என்றதும் என்ன கேட்க வந்தோம் என்று மறந்துபோய்த் திரும்பிப் போனார்கள். டாக்டர்களுக்கு இது தெரியும். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் இந்தத் தகவல் வந்து சேரவில்லை.

அந்த மருத்துவமனையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், வேறு வேலை இல்லாததால், அவள் மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து விற்கிறவர். பார்வை தெளிந்ததும் நேராக மேசைக்கு வந்து, "நீங்க ஒரு கதை படிச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

அன்று சாப்பாட்டின்போது அவள் அதைச் சொன்னாள். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் புத்தகம் படிக்கக் கூப்பிடுறாங்க."

"நீதான் தினம் படிக்கிறியே" என்றார் சூப்பர்வைசர்.

"சத்தமா படிக்கறதுக்கு. ரெக்கார்ட் பண்ணுவாங்களாம். நல்லா வந்தா அடுத்தடுத்த புத்தகமும் எனக்கே தருவாங்களாம்."

சூப்பர்வைசர் சாப்பிடுவதை நிறுத்தினார். விஷயத்தின் முக்கியமான இடத்துக்கு வந்தார். "என்ன மைக்?"

அவளுக்கு மைக் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவள் சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கதை படித்தாள். காய் நறுக்கும்போது படித்தாள், பாத்திரம் கழுவும்போது மனப்பாடமாகச் சொன்னாள். மகள் இயர்போனைக் கழற்றிவிட்டு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "பேரு கூப்பிட்டே என் காலம் போயிருமோன்னு இருந்தேன்" என்று அவள் மகளிடம் சொன்னது ஹாலில் இருந்த சூப்பர்வைசர் காதிலும் விழுந்தது. அந்த வாரம் ஸ்பீக்கரைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போய் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்தாள். சில நாளில் அந்தப் பதிவு வந்தது, கூடவே ஒரு குறிப்பும். எங்களுக்கு உங்கள் குரல் பிடித்திருக்கிறது, நீங்களும் ஒருமுறை கேட்டுவிட்டு, சம்மதமென்றால் திங்கட்கிழமை வாருங்கள் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அவள் சோபாவில் உட்கார்ந்து போனைக் காதருகே கொண்டுபோனாள். சூப்பர்வைசர் பதறி ஓடிவந்து அதைப் பிடுங்கினார்.

"இதைப் போய் போன்லயா கேப்ப? இவ்வளவு பெரிய சிஸ்டத்த வீட்டுல வெச்சுக்கிட்டு?"

அவளும் மலர்ந்துதான் போனாள். அவர் கணினியைத் திறந்து பதிவை ஏற்றினார். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தத்தை நிரப்பு என்ற கட்டத்தில் டிக் இருந்ததால், டிரைவர் அந்தக் குரலை சென்டருக்கு உரியதென்று பிரித்தெடுத்தது. இடம் மாற்று என்ற கட்டத்திலும் டிக் இருந்ததால், பிரித்தெடுத்ததைக் கொண்டுபோய் சப்வூஃபரில் கொட்டியது. யாரோ தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு புலம்புவதுபோல் தரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உம் உம்மென்று ஒரு உறுமல், அவ்வளவுதான்.

அவள் அசையாமல் கேட்டாள். "இதுவா நானு?" என்றாள்.

"ரெக்கார்டிங்னா அப்படித்தான். அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் சூப்பர்வைசர். இதுவரை அவர் சொன்னதில் தப்பில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா உனக்குக் கொஞ்சம் அதிகமாவே அப்படி இருக்கு. இரு, சரி பண்றேன்."

டிரைவர் பக்கத்தைத் திறந்தார். பேஸ் என்கிற அதிரும் அடிச்சத்தத்தின் அளவை முக்கால்வாசி ஏற்றினார். எந்தச் சத்தம்வரை சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற எல்லைக்கோட்டை இங்கும் அங்கும் நகர்த்தினார். பெட்டியின் பின்னாலிருக்கும் திருகையும் திருகினார். "குரலுக்குக் கொஞ்சம் உடம்பு குடுக்கறேன்" என்றார். உடம்பு வந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கதையில் ஒரு குழந்தை தூங்குகிற இடம் அது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, லாரியைத் திருப்பி அனுப்புகிறபோது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார்.

"சொல்றேன்னு தப்பா நெனக்காத. மைக்குக்கு எல்லாக் குரலும் ஒத்துக்காது."

"அவங்க பிடிச்சிருக்குன்னு சொன்னாங்களே."

"அவங்க எதுல போட்டுக் கேட்டாங்களோ. ஏதாவது சாதாரண ஹெட்போனா இருக்கும். நாளைக்கு இதுமாதிரி சிஸ்டம் வெச்சிருக்கறவன் ஒருத்தன் வாங்கிக் கேட்டா என்ன ஆகும்? நாலு பேர் சிரிக்கக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

அவள் மறுநாளே அந்த அம்மாளுக்குப் போன் செய்து, மருத்துவமனையில் வேலை ஜாஸ்தி, முடியாது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசருக்கு அது கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான், ஒருவராகவே இருக்கலாம். இப்படி அவர் நினைத்தார் என்று சொன்னால் மறுப்பார். ஆனால் நினைத்தார்.

அதன்பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்தது. அமைதியாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். ஒரு நாள் மகள் சொன்னாள்: "க்ளினிக்ல அம்மா இப்பல்லாம் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்லையாம்ப்பா. நம்பர் போர்டைப் போட்டுட்டாங்களாம். அம்மாவே கேட்டு வாங்கினாங்களாம்."

"நல்ல முன்னேற்றம்தானே" என்றார் சூப்பர்வைசர்.

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. சகலை வரப்போவதாகச் சொல்லியிருந்தார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். அண்மையில் இவர் வைத்திருப்பதைவிடப் பெரிய செட் ஒன்று வாங்கியிருந்தார். பேச்சுவாக்கில் அதை ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். "பெருசு சிறுசுல என்ன இருக்கு சகலை, ட்யூன் பண்ணத் தெரியணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து கேளுங்க" என்று சூப்பர்வைசர் சவால் விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினி தன்பாட்டுக்கு அப்டேட் ஆகி உட்கார்ந்திருந்தது. யாரையும் கேட்காமல் பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தது. புதியதில் எல்லாக் கட்டமும் துடைத்து வைத்தாற்போல் காலி. சூப்பர்வைசருக்கு இது தெரியாது. ஒத்திகை பார்க்க வழக்கமான படத்தைப் போட்டார்.

டிவியில் வாய் அசைந்த இடத்திலிருந்தே பேச்சு வந்தது. ஒருவர் இன்னொருவரிடம் கடன் கேட்பது தெளிவாகக் கேட்டது. கறுப்புப் பெட்டி சும்மா இருந்தது. சூப்பர்வைசர் குனிந்து அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். பேச்சு மூச்சில்லை.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னைக்குப் பேசறது புரியுதே."

"அதாம்மா பிரச்சினை" என்றார் சூப்பர்வைசர்.

அன்றைய பொழுது அவருக்கு அப்படி விடிந்தது. சரியாக வேலை செய்கிற ஒரு பொருளைப் பழுது பார்ப்பது லேசான காரியமில்லை. எங்கே கை வைப்பது என்றே தெரியாது. திருகைக் கடைசிவரை திருகினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார், எச்சில் தொட்டுத் துடைத்துச் செருகினார். டிரைவரை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடிப்பிடித்து இறக்கினார். கணினி அணைந்து எழுந்தது, இந்தத் தடவை சத்தமே இல்லை. அதை நீக்கி இன்னொன்றைப் போட்டார். முதுகுப்பக்கம் இருக்கும் ஸ்பீக்கர்களில் மட்டும் சத்தம் வந்தது. மறுபடி அப்டேட்டிடமே போய்ச் சரணடைந்து, காலையில் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

"டிரைவரை மாத்தியும் வண்டி கெளம்பலையா?" என்றாள் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே. அவள் நிறைய நாள் கழித்துக் கேலியாக ஒன்று சொல்லியிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சகலைக்கே போன் போட்டார். அந்தப் பெயரை அழுத்தும்போது அவர் விரல் வலித்தது.

"பேஸ் போச்சா?" என்றார் சகலை, துக்கம் விசாரிக்கிற குரலில். "வீடியோவுல வாங்க. போனை மானிட்டர் பக்கம் திருப்புங்க." சொன்னபடி செய்தார். சகலை வழிகாட்ட, கட்டங்கள் இருக்கும் பக்கம் எங்கேயோ பழைய வீட்டின் மூன்றாவது கட்டுபோல உள்ளே ஒளிந்திருந்து அகப்பட்டது. சூப்பர்வைசருக்குப் போன உயிர் வந்தது. மேலிருந்து டிக் போடத் தொடங்கினார்.

"சகலை, என்ன பண்றீங்க?"

"டிக் போடறேன்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும் போட்டாத்தானே முழுசா வேலை செய்யும்?"

சகலை மெதுவாகக் கேட்டார். "முன்னாடியும் எல்லாத்துக்கும் போட்டுத்தான் வெச்சிருந்தீங்களா?"

"பின்ன?"

"சரி, அப்ப அந்தக் கடைசி டிக்கையும் போடுங்க. போட்டீங்களா? கீழ டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும், அதுல சென்டர் படத்தை அமுக்குங்க. எங்க கேக்குது?"

"தரையில."

"இப்ப சப்வூஃபரை அமுக்குங்க."

உள்ளங்கை ஸ்பீக்கர் கரகரத்தது. "டிவி கீழ" என்றார் சூப்பர்வைசர். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

சகலை சிரித்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரிக்கலாமா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு நேரம் சிரித்தார். "அப்போ இத்தனை வருஷமா உங்க வீட்டுல எல்லாரும் பாதாளத்துலேருந்தா பேசிட்டிருந்தாங்க? இருங்க, சாயங்காலம் இவளையும் கூட்டிட்டு வர்றேன். இதை அவ உங்க வாயால கேக்கணும்."

சூப்பர்வைசர் போனை அணைத்தே விட்டார். இடம் மாற்று என்றிருந்த அந்தக் கடைசி டிக்கை எடுத்தார். காது மடல் சுட்டது. மச்சினி சிரிப்பாள், மாமனார் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அடுத்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சாக இருக்கும். இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான், இந்தப் பெட்டி வழியாகத் தன் வீட்டில் வேறு என்னவெல்லாம் போனது என்று யோசித்தார்.

மனைவி படித்த பதிவு கணினியில் அதே இடத்தில்தான் இருந்தது. அவர் அதை உடனே திறக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. குரல் நன்றாக இல்லாமல் இருந்துவிட்டால் தேவலை என்று அவர் மனதார வேண்டிக்கொண்டார். அப்படி இருந்துவிட்டால் டிக்கோடு போகும் இந்த அவமானம். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திறந்தார்.

டிவிக்குக் கீழிருந்து ஒரு பெண் பேசினாள். உரக்கப் பேசவில்லை, நடிக்கவும் இல்லை. ஒரு வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது, வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று சொன்னாள். சூப்பர்வைசருக்கு வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கதை என்றாலே கொட்டாவி விடுகிற ஆள், அடுத்து என்ன என்று முன்னால் குனிந்தார். அப்புறம்தான் அது யார் குரல் என்று நினைவுக்கு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சமையலறையில் குழாய் நின்றது. மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். நின்று கேட்டாள். நாலைந்து வரி போனதும் அவள் முகத்தில் ஒரு புரிதல் வந்தது.

"நான் படிச்ச கதைதான் இது" என்றாள். "அந்தம்மா வேற ஆள வெச்சுப் படிக்க வெச்சுட்டாங்க போல. அனுப்பியிருக்காங்களா?"

சூப்பர்வைசர் "ம்" என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்னதும் அது எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்று தெரிந்தது. இத்தோடு விட்டுவிடலாம். பதிவை அழித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

அவள் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தியாயம் முடிகிறவரை கேட்டாள்.

"நல்லாப் படிக்கறாங்க" என்றாள். "நல்லவேளை, நான் ஒதுங்கிக்கிட்டேன்."

அதைக் கேட்டுக்கொண்டு சூப்பர்வைசரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அது நீதான்" என்றார்.

"சும்மா இருங்க."

"நீதான்னு சொல்றேன்ல. அதே ஃபைல்தான். அன்னைக்குப் போட்டதுதான்."

"அன்னைக்குத்தான் நானே கேட்டேனே. நீங்களும்தானே கேட்டீங்க" என்றாள் அவள், குழந்தைக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு. "மைக்குக்கு ஒத்துக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, விடுங்க."

அன்று அவர் உளறியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள், இன்று உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். இத்தனை வருஷமாக வீட்டில் சத்தத்துக்கு அத்தாரிட்டி நான்தான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாரே, அந்த அத்தாரிட்டி இப்போது குறுக்கே வந்து நின்றது. அவருக்கு விளக்கத் தெரியவில்லை. அவளைக் கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்தக் கட்டத்தில் டிக் போட்டுப் பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினார். தரை உறுமியது. டிக்கை எடுத்தார். பெண் பேசினாள். போட்டார், எடுத்தார். மூன்றாவது தடவை அவள் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே மவுஸைப் பிடித்துக்கொண்டு டிக்கை எடுத்தாள். பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை, அவள் குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஒரு பெட்டியில தெரியாம டிக் விழுந்துடுச்சு" என்றார் சூப்பர்வைசர். "சகலைதான் கண்டுபிடிச்சாரு. டிரைவர் எழுதினவன் தெளிவா எழுதியிருக்கணும், யாரா இருந்தாலும்..."

"டிக் இருக்கட்டும்" என்றாள். பதிவை நிறுத்தினாள். நாற்காலியில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு ரெக்கார்டிங் பத்தி ஒண்ணும் தெரியாது. என் குரல் வெளிய எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல. அதனால அதுதான் நான்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க கல்யாணம் ஆனதுலேருந்து தினமும் கேக்கறீங்க. காலையில எழுப்பறதே நான்தான். அந்தச் சத்தம் வந்தப்போ, இது இவ குரல் மாதிரி இல்லையேன்னு உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?"

சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். அன்றைக்கு அவர் பேஸைக் கேட்டார், கண்ணாடி நடுங்கியதைக் கேட்டார், தன் தீர்ப்பைக் கேட்டார். அவளை ஒப்பிட்டுப் பார்க்க அவர் மனதில் அவள் குரல் என்று ஒன்று சேர்த்து வைத்திருக்கவே இல்லை.

"இல்ல" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டால் சமாதானம் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார், அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து, அவர் எதிரிலேயே நின்று, அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். தான் வேண்டாமென்று சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது, இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இவள் "சரிங்க" என்றாள், "புரியுதுங்க" என்றாள், கடைசியில் "வர்றேங்க" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"அந்தப் புத்தகம் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். நிஜமாவே குடுத்துட்டாங்க. பாதி முடிஞ்சுதாம்." அவள் போனை மேசைமேல் வைத்தாள். "வேற ஒண்ணு இருக்காம். அதுக்கு இன்னும் ரெண்டு மூணு பேர் வர்றாங்களாம். என்னையும் வந்து படிச்சுக் காட்டச் சொன்னாங்க. கிடைச்சா கிடைக்கலாம்."

"கண்டிப்பா கிடைக்கும்" என்றார் சூப்பர்வைசர். இந்த இடத்தில் தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. "இந்த வாட்டி ஃபைல் வரட்டும், எல்லா டிக்கையும் எடுத்து வெச்சிடறேன். சுத்தமா, ஸ்டுடியோவுல கேக்கற மாதிரியே கேக்கலாம்."

"வேணாங்க" என்றாள் அவள். குரலில் கடுமை எதுவும் இல்லை. மருத்துவமனையில், இன்னும் கொஞ்ச நேரம்தாங்க என்று சொல்லும்போது இப்படித்தான் சொல்வாள்போல. "க்ளினிக்ல பெருக்கற அக்காகிட்ட ஒரு பழைய போன் இருக்கு. அதுல போட்டுக் கேட்டுட்டு, அவங்களையும் கேட்டுக்கறேன்."

அவள் சமையலறைக்குப் போய் மறுபடி குழாயைத் திறந்தாள். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து, படிப்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாக விழவில்லை, எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். அவள் அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.